மூன்று விரல் தொய்வு

கமாலுதீனுக்கு இடது கையில் சுண்டு விரல் கிடையாது. நாற்பத்தாறாம் வருஷத்து வேலைநிறுத்தத்தில் நான் எழுதிய துண்டுப் பிரசுரம் ஒன்றில் அந்த விரல் வருகிறது. "கிரேன் தின்ற விரலுக்குப் பதில் சொல்!" என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரைக்கும் சுவர் சுவராக ஒட்டினோம். பசை தடவியவன் கமாலுதீன்தான். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஒட்டுகிறபோது நின்று படித்தான். படித்துவிட்டு அடுத்த சுவருக்கு நகர்ந்தான். விரல் எப்படிப் போனது என்று அவனைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை. எனக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது, போதும்.

அவனை 'அவர்' என்று எழுத வேண்டும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்லுவார்கள். எழுதினால் கபருக்குள்ளிருந்து எழுந்து வந்து சிரிப்பான். என் தோஸ்து. அவன் என்றே இருக்கட்டும்.

அவன் துறைமுகத்தில் கலாசி. கயிறு, கப்பி, சங்கிலி இவற்றை வைத்துக்கொண்டு யானை எடையைக் கப்பலிலிருந்து கரைக்கு இறக்குகிறவனுக்குக் கலாசி என்று பெயர். பதினெட்டு வருஷம் அந்த வேலை பார்த்தான். பதினெட்டு வருஷமும் தினக்கூலி. விடிந்தால் கேட்டில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி விரலை நீட்டினால் அன்றைக்கு வேலை, நீட்டாவிட்டால் திரும்பி நடக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் அவன் பெயர் ஏறவில்லை. வேலைநிறுத்தம் முடிந்ததும் கூலிக்கு ஆள் எடுக்கிற காண்டிராக்டர் அவனை உள்ளேயே விடவில்லை. என்னை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் கழித்து நான் வெளியே வந்தபோது அவன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஏழெட்டு வருஷம் அப்படியே ஓடிற்று. பிறகுதான் கல்லூரிக்கு வந்து சேர்ந்தான்.

அந்தக் கல்லூரி இப்போது இல்லை. ராயபுரத்துக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டி, பழைய உப்புக் கிடங்குகள் இரண்டை வாங்கி நாலைந்து வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்தது. கிடங்கில் வகுப்பு. பக்கத்து மாடி வீட்டில் ஆபீசும் நூலகமும். அதற்குப் பின்னால் சயன்ஸ் ஷெட். அது யுத்த காலத்து மிலிட்டரி ஷெட், ஏலத்தில் எடுத்துக் கொண்டுவந்து நிறுத்தியது. அறுபதடி நீளம், மேலே தகரம். துறைமுகக் கூலி, ரயில்வே கூலி, தீப்பெட்டிக் கம்பெனிக் கூலி இவர்கள் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். தங்கள் தெருவிலேயே முதல் முதலாகக் காலேஜுக்குப் போன பிள்ளைகள். சரக்கு ரயில் போனால் வாத்தியார் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். காற்று திரும்பினால் கருவாட்டு வாடை உள்ளே வரும். ஷெட்டில் கெமிஸ்ட்ரி வாடை வேறு. இரண்டும் கலந்த அந்த நாற்றத்தை இன்றைக்கு யாராவது சீசாவில் அடைத்து விற்றால் முதல் ஆளாகப் போய் வாங்குவேன்.

எனக்கு அங்கே என்ன வேலை என்றால், கல்லூரிக் கடைநிலை ஊழியர்களுக்குச் சங்கம் அமைக்கக் கட்சியில் சொல்லியிருந்தார்கள். ஊழியர்கள் மொத்தம் ஏழு பேர். கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்து அந்த ஏழு பேரை ஒன்று திரட்டிக்கொண்டிருந்தேன்.

கமாலுதீன் வருவதற்கு முந்தின வருஷம் ஒரு புயலில் சயன்ஸ் ஷெட்டின் தகரம் பதினொன்று பறந்துபோய்விட்டது. அப்போதிருந்த வாட்ச்மேனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இடத்துக்குத்தான் கமாலுதீன் வந்தான், டெம்பரவரியாக. கல்லூரிக்குச் செகரட்டரி பரசுராமன் என்று ஒருவர், இரும்புக் கடைக்காரர். அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "இந்த வருசம் மழையில ஷெட்டுல ஒரு தகரம் பறக்காம நின்னா, ஜனவரில உன் பேரைப் பர்மனென்ட் ரிஜிஸ்டர்ல எழுதறேன். பறந்துச்சின்னா, நீயும் அது பின்னாடியே போயிடு."

கமாலுதீனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. ரிஜிஸ்டரில் பெயர் ஏறினால் மேஸ்திரி விரலைப் பார்த்து நிற்க வேண்டாம். அவனுக்கு அதற்குமேல் ஒரு ஆசையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்ததும் அவன் தினம் காலையில் கடற்கரைக்கு நடந்துபோய்த் துறைமுகக் கொடிமரத்தைப் பார்த்துவிட்டு வருவான். புயல் வருகிறது என்றால் அதில் கூண்டு ஏற்றுவார்கள். பெருக்குகிற பூவம்மா புளியந்தோப்பிலிருந்து வருகிறவள். கேட்டில் நுழையும்போதே கேட்பாள்.

"இன்னா பாயி, கூண்டு ஏறிச்சா?"

"இல்ல பூவம்மா, மரம் மொட்டையா கீது."

"ஏறிச்சின்னா மொதல்ல என்கிட்ட சொல்லு. மோரிய வாரணும். போன வருசம் சாக்கடத் தண்ணி பிரின்சிபால் நாற்காலி வரைக்கும் போயி வணக்கம் சொல்லிட்டு வந்துச்சு."

ஐம்பத்திநாலோ ஐந்தோ, வருஷம் சரியாக நினைவில்லை. கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை கூண்டு ஏறிவிட்டது.

அன்றைக்குக் கமாலுதீன் வேலை செய்ததை நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வகுப்பை நிறுத்திவிட்டார்கள். பையன்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவில்லை. கமாலுதீன் முதலில் கல்லூரி மணியைக் கழற்றி இறக்கினான். அடுத்து நோட்டீஸ் போர்டு, சைக்கிள் ஸ்டாண்டின் கீற்று, தண்ணீர்ப் பானை வைக்கிற முக்காலி. நாலு தென்னை மரத்திலும் ஏறி ஒரு குரும்பை விடாமல் காயைத் தள்ளினான்.

"இன்னாத்துக்கு பாய், பிஞ்சைக்கூட வுட மாட்டேன்ற?" என்று கேட்டான் லட்சுமணன். வியாசர்பாடிப் பையன், இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம்.

"காத்து எடுத்துச்சின்னா அது குண்டு, நைனா. ஜன்னலுக்குள்ள வரும். காத்து எடுக்கறதுக்கு முன்னாடி நாம எடுத்துடணும்."

ஷெட்டிலிருந்த கண்ணாடித் தராசுகளையும் ஆசிட் ஜாடிகளையும் மரத்தூள் பெட்டியில் வைத்து மாடி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பூவம்மா முழங்கால் அளவு சேற்றில் நின்று சாக்கடை மோரியை வாரினாள். கடைசியில் கயிறு. துறைமுகம் கழித்துப் போட்ட மணிலாக் கயிறு, கை கனத்துக்கு. ஷெட்டின் கூரைமேல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போட்டு, இரண்டு பக்கமும் தரையில் நட்ட தண்டவாளத் துண்டுகளில் கட்ட வேண்டும். பதினாறு கயிறு.

கயிறு இழுக்கப் பையன்களை நிறுத்தினான். துறைமுகத்தில் 'ஆபீஸ்' என்றால் இழு, 'ஆரியா' என்றால் விடு. கலாசிகளின் பாஷை.

"ஆபீஸ்னா இழுக்கறதா பாய்?" என்றான் லட்சுமணன். "எங்க நைனா ரயில்வே ஆபீசுல இருவது வருசமா அதத்தான் பண்ணிகினு இருக்காரு."

பதினாறு கயிற்றையும் ஒரே இழுப்பில் அவிழ்கிற உருவு முடிச்சாகப் போட்டான். போட்டுவிட்டு ஒவ்வொரு கயிற்றிடமும் போய், கூரை விளிம்பில் அடித்த பலகைக்கும் கயிற்றுக்கும் நடுவில் இடது கை விரல்களைச் சேர்த்துக் குறுக்காக விட்டுப் பார்த்தான். சுண்டு விரல் இல்லாத கை, மூன்று விரல் அகலம். அந்த அளவுக்குத் தொய்வு இருந்தால் அடுத்த கயிற்றுக்குப் போவான். இறுக்கமாக இருந்தால் "ஆரியா" என்பான். பையன்கள் கொஞ்சம் விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் செகரட்டரி பரசுராமன் குடையோடு வந்தார். வானம் சாம்பல் நிறம், மழை இன்னும் இல்லை. ஷெட்டைச் சுற்றி வந்தார். குடை முனையால் ஒரு கயிற்றைத் தட்டினார். அது ஆடிற்று.

"இன்னாயா இது, கொடிக் கயிறாட்டம் தொங்குது? துணி காயப் போடப் போறியா?"

"நனைஞ்சா தானா இழுத்துக்கும் மொதலாளி. அதுக்கு எடம் குடுக்கணும்."

"யார்கிட்ட சொல்ற? போன வருசம் இருந்தவனும் இப்பிடித்தான் தொளதொளன்னு கட்டிட்டு, காத்து மேல பழி போட்டான். இறுக்கிக் கட்டு."

"இறுக்குனா தாங்காது மொதலாளி. கூண்டு ஏறிச்சின்னா கப்பலை ஏன் துறைமுகத்த வுட்டு வெளிய அனுப்பறாங்க? கட்டி வெச்சா ஒடஞ்சுடும், அதான். கப்பலுக்குக் கடல் கீது, ஓடிடும். காலேஜு எங்க ஓடும்? அதுக்குக் கயித்துலதான் எடம் வுடணும்."

"எனக்குக் கப்பல் கதை வாணாம். மூணு மணிக்கு வருவேன். அப்பவும் இப்பிடியே தொங்கிச்சின்னா ஜனவரிய மறந்துடு."

கமாலுதீன் ஆடிய கயிற்றைக் கையால் பிடித்து நிறுத்தினான். "மறந்துடறேன் மொதலாளி. கயித்த மட்டும் இறுக்க மாட்டேன்" என்றான்.

பரசுராமன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.  நான் கமாலுதீனை டீக்கடைக்கு இழுத்து வந்தேன்.

"பாய், பைத்தியமா உனக்கு? இறுக்கித் தொலை. அந்தாளு மூணு மணிக்குப் பாத்துட்டுப் போகட்டும், அப்பறம் தளத்திக்க."

"மழை மூணு மணி வரைக்கும் காத்துகினு இருக்குமா மாமு?"

"வேலை போயிடும்யா."

"போனா போவுது. ஷெட்டு நிக்கும்." டீயை ஒரே மடக்கில் குடித்தான். "ஜும்மாவுக்குப் போயிட்டு, ரஹீமுன்னிசாவையும் புள்ளைங்களையும் தண்டையார்பேட்டையில வுட்டுட்டு வந்துடறேன். எங்க வூடு கடலோரம், நிக்காது. கயித்த யாரும் தொடாம பாத்துக்க."

பாத்துக்க என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனான்.

உண்மையைச் சொல்கிறேன். கயிறு நனைந்தால் சுருங்கும் என்று அவன் சொன்னதை நான் நம்பவில்லை. வீம்பு என்று நினைத்தேன். முதலாளி சொல்லிச் செய்யக் கூடாது என்கிற வீம்பு. அந்த வீம்பை அவனுக்குக் கற்றுக் கொடுத்ததே நான்தான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு. துறைமுகத் தொழிலாளிக்காக நூறு பிரசுரம் எழுதியிருக்கிறேன். ஒரு கயிற்றைக்கூட என் கையால் கட்டியதில்லை.

பன்னிரண்டரை மணிக்கு லட்சுமணனையும் இன்னும் ஐந்து பையன்களையும் கூப்பிட்டேன். "பாயோட வேலைய நாமதான் காப்பாத்தணும், வாங்கடா" என்றேன். பூவம்மா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"யோவ் அருளு, பாயி தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போச்சு."

"நீ உன் மோரியப் பாரு."

அப்படித்தான் சொன்னேன். தொழிலாளிகளின் ஒற்றுமை பற்றித் தினமும் டீக்கடையில் பேசியவன் சொன்ன வார்த்தை அது. அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

பதினாறு கயிற்றையும் இறுக்கினோம். "ஆபீஸ்! ஆபீஸ்!" என்று கத்திக் கத்தி, தரையில் காலை ஊன்றி இழுத்தோம். உருவு முடிச்சுகளைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. அதனால் முடிச்சுமேல் முடிச்சாக நாலைந்து போட்டு இறுக்கினோம். கடைசிக் கயிற்றை விரலால் சுண்டினேன். தம்பூரா மாதிரி சத்தம் வந்தது. மூணு மணிக்குப் பரசுராமன் வரட்டும், பார்க்கட்டும் என்று திருப்தியாகப் போய் டீ குடித்தேன்.

ஒரு மணிக்கு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, கடலிலிருந்து படுக்கை வாட்டத்தில் வந்து அறைந்தது. இரண்டு மணி இருக்கும், லட்சுமணன் ஓடிவந்தான். "அண்ணே, கயிறு சத்தம் போடுது."

போய்ப் பார்த்தேன். காலையில் குடை முனைக்கு ஆடிய கயிறு இப்போது இரும்புக் கம்பி மாதிரி நின்றது. ஒவ்வொன்றிலிருந்தும் 'ங்ங்ங்' என்று ஒரு முனகல். கூரை விளிம்பில் தகரம் கயிறு பட்ட இடமெல்லாம் பள்ளமாக மடங்கியிருந்தது. கடல் பக்கத்துக் கோடியில் இரண்டு தண்டவாளத் துண்டுகள் பிடுங்கப்போகிற பல் மாதிரி சாய்ந்து, வேர்ப்பக்கம் சேறு கொப்புளித்தது. கயிற்றில் கை வைத்தேன். அசைய இடமில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பரசுராமன் மூணு மணிக்கு வரவில்லை. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், எப்படி வருவார்? நான் யாருக்குக் காட்ட இறுக்கினேனோ அந்த ஆள் பார்க்கவே இல்லை.

வந்தவன் கமாலுதீன். இரண்டரை மணிக்கு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையிலிருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட வந்தான். நேராக ஷெட்டுக்குப் போய் முதல் கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"யாரு?"

"நான்தான் பாய்."

முடிச்சைத் தடவினான். "உருவு முடிச்சு எங்க?"

 திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாடிப்படிக்குக் கீழே இருந்த தன் மூட்டையிலிருந்து முனை கூரான ஒரு இரும்பு முள்ளை எடுத்து வந்தான். கடல் பக்கத்துக் கோடிக்குப் போய், சாய்ந்த இரண்டு துண்டுகளையும் பார்த்தான்.

"இது ரெண்டும் போச்சு. கிட்ட போவாதீங்க. மூணாவதுலேந்து வருவோம். டேய் நைனா, புள்ளைங்கள மாடி மேல ஏத்து. ஒருத்தனும் கயித்துக்கு நேரா நிக்கக் கூடாது. அறுந்துச்சின்னா ஆள ரெண்டா வெட்டும். மாமு, நீ வா."

நான் போட்ட முடிச்சுகளில் முள்ளைக் குத்தி, நெம்பி, ஒவ்வொரு புரியாக அவன் அவிழ்க்க வேண்டும். அவிழ்கிற நொடியில் வால் கயிற்றைத் தண்டவாளத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவன் "ஆரியா" என்றால் விரற்கடை விரற்கடையாக விட வேண்டும். ஒரேயடியாக விட்டால் கூரை எழும்பிவிடும். மழை கண்ணில் அடிக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. அவன் குரல் ஒன்றுதான்.

"ஆரியா... ஆரியா... அவ்ளோதான், நில்லு. கட்டு."

நான் யார் சொன்னாலும் எதிர்க் கேள்வி கேட்கிறவன். கட்சிக்குள்ளேயே அதற்காகத் திட்டு வாங்கியவன். அன்றைக்கு ஒருவன் சொன்னதைச் சொன்ன உடனே செய்தேன், பதினாலு தடவை. நடுவில் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் பூவம்மா. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு என் கயிற்றின் வாலைப் பிடித்திருந்தாள்.

"மோரிய பாத்துட்டேன்யா. இதையும் பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

வரிசையில் பத்தாவது கயிற்றை முடிக்கிறபோது கடல் கோடியில் அந்த இரண்டு துண்டும் பிடுங்கிக்கொண்டன. பட்டாசுக் கடை வெடித்தது போல ஒரு சத்தம். நாலு தகரம் எழும்பி, வேப்பமரத்தைத் தாண்டி, ரயில்வே யார்டு பக்கம் போய் மறைந்தன. கமாலுதீன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவன் பர்மனென்ட் வேலை பறந்து போகிறது, அதை அவனும் நானும் சேர்ந்து பார்க்கிறோம். ஒரு நொடி. பிறகு முடிச்சுக்குக் குனிந்துவிட்டான்.

"இன்னும் ஆறு கீது. பிடி."

சனிக்கிழமை காலையில் வெயில் அடித்தது. காசிமேட்டில் குடிசைகள் போயிருந்தன, கமாலுதீன் வீடும் போயிருந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷெட் நின்றது. கோடியில் நாலு தகரத்துக்கு வானம் தெரிந்தது.

நான் விடிந்ததும் பேப்பரை எடுத்துவிட்டேன். கை தானாக எழுதும். "நிர்வாகத்தின் பிடிவாதம்! தொழிலாளியின் வயிற்றில் அடி!" தொழில் தெரிந்தவன் சொல்லியும் கேட்காமல், கயிறுகளை இறுக்கச் சொல்லி மிரட்டியது யார்? நாலு தகரத்துக்குப் பொறுப்பு யார்? எல்லாம் உண்மைதான். ஒரு வரி பொய் கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்து கமாலுதீனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான்.

"நல்லா கீது மாமு. இதுல உன் பேரு எங்க?"

"கீழே சங்கம்னு போட்டிருக்கேனே."

"கீழ கேக்கல. உள்ள. இறுக்குனவன் பேரு."

நான் பேப்பரை மடித்தேன்.

"நீ இன்னா சொல்லப் போற பாய், அந்தாளுகிட்ட?"

"என் கயிறுன்னு சொல்லுவேன். கேங்குல எவன் தப்புப் பண்ணாலும் தலைவன்தான் பதில் சொல்லணும். அது எங்க வழக்கம். அத்த நான் பாத்துக்கறேன்." டம்ளரைக் கவிழ்த்தான். "நீ சொல்லுன்னு நான் கேக்கல. ஆனா பேர எழுதறதுன்னா எல்லாப் பேரையும் எழுது."

அந்தப் பேப்பரைக் கிழித்து டீக்கடை அடுப்பில் போட்டேன். பரசுராமனின் இரும்புக் கடைக்கு நடந்தே போனேன். கடைக்குள் முழங்கால் சேறு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பிகளை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு தகரம் போச்சாமே. சங்கம் இன்னா சொல்லுது?" என்றார் தலை நிமிராமல்.

"சங்கம் ஒண்ணும் சொல்லல. நான் சொல்ல வந்தேன். பாய் கட்டுனது தொய்வாத்தான் இருந்துச்சு. அவன் இல்லாத நேரத்துல நான்தான் இறுக்குனேன். நீங்க வந்து பாப்பீங்கன்னு இறுக்குனேன். இறுக்குனதுலதான் பிடுங்கிக்கிச்சு. மிச்சப் பதினாலு கயித்த அவன் தளத்துனான், அதான் ஷெட்டு நிக்குது."

துணி நின்றது. "நெசமாவே சுருங்குமா?"

"சுருங்குது. கண்ணால பாத்தேன்."

"நான் பாக்கலியே" என்றார் பரசுராமன். "திங்கக்கெழம வரேன். எனக்குக் காட்டச் சொல்லு."

திங்கட்கிழமை கல்லூரி மைதானத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாத்தியார்கள், பையன்கள், டீக்கடைக்காரர் வரைக்கும். கமாலுதீன் மழைபடாமல் மாடியில் கிடந்த காய்ந்த மணிலாக் கயிறு ஒன்றை எடுத்து, இரண்டு தென்னை மரத்துக்கு நடுவில் கட்டினான். நடுவில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு அதற்குள் கல்லைப் போட்டான். வாளியின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. லட்சுமணன் குனிந்து ஒரு போஸ்ட் கார்டை அடியில் நுழைத்துப் பார்த்தான். நுழையவில்லை.

"ஊத்து பூவம்மா" என்றான் கமாலுதீன்.

பூவம்மா ஸ்டூலில் ஏறிக் கயிறு நெடுகக் குடம் குடமாக ஊற்றினாள். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பையன்கள் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். "பாய், கயித்துக்குச் சளி பிடிச்சிக்கப் போவுது!" பத்து நிமிஷம். லட்சுமணன் மறுபடி கார்டை வைத்தான். கார்டு உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. கேலி செய்த பையன்கள் வாளியைச் சுற்றிக் குனிந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பரசுராமன் மைதானத்துச் சேற்றில் மண்டி போட்டு, வாளிக்கு அடியில் தன் கையையே விட்டார். கை போயிற்று.

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "எத்தினி விரல் எடம் வுடணும்னு எப்பிடியா கண்டுபிடிச்ச?"

கமாலுதீன் இடது கையை நீட்டிக் காட்டினான். "இது போன அன்னிக்கும் மழைதான் மொதலாளி. எவனோ கப்பல் கயித்த இறுக்கி வெச்சிருந்தான். நான் உள்ள கை வுட்டேன். அது நனைஞ்சு இழுத்துக்கிச்சு."

கிரேன் தின்ற விரல். கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரைக்கும் ஒட்டிய நோட்டீஸ். நான் அவனைப் பார்த்தேன். அவன் வேண்டுமென்றே என் பக்கம் திரும்பவில்லை.

பரசுராமன் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. ஷெட்டின் கோடியில் தெரிந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தகரம் பறக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். நாலு பறந்துச்சு. அது நான் இறுக்கச் சொன்னதுல பறந்தது. நீ கட்டுனதுல எதுவும் பறக்கல. ஜனவரி ஒண்ணாந்தேதி ஆபீசுக்கு வா."

ஜனவரி ஒன்றாம் தேதி கமாலுதீன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன். குமாஸ்தா ரிஜிஸ்டரைத் திறந்து பெயர் எழுதினார், அப்பா பெயர் எழுதினார், வேலை என்ற இடத்தில் பேனாவை நிறுத்திச் செகரட்டரியைப் பார்த்தார்.

"அட்டெண்டர்னு போடு" என்றார் பரசுராமன்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் கமாலுதீன். "கலாசின்னு போடச் சொல்லுங்க."

"காலேஜுல ஏதுய்யா கலாசி?"

"இதோ, நான் கீறேனே."

குமாஸ்தா சிரித்தார். பரசுராமன் சிரிக்கவில்லை. "போடு" என்றார். பதினெட்டு வருஷம் துறைமுகத்தில் ஒரு புத்தகத்திலும் ஏறாத வேலை, பிஏ, எம்ஏ பட்டங்களுக்கு நடுவில் ஒரு கல்லூரி ரிஜிஸ்டரில் ஏறியது. கமாலுதீன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். 'க' போட்டு முடிக்கவே வெகு நேரம் எடுத்துக்கொண்டான்.

சங்கம் ஏழு பேரோடுதான் கடைசி வரைக்கும் நின்றது. பூவம்மாவைத் தலைவியாகப் போட்டோம். அந்த வருஷத்திலிருந்து ஐப்பசி ஐப்பசிக்கு ஷெட்டுக்குக் கயிறு கட்டும்போது வால் பிடிக்கிற வேலை எனக்கு. டீக்கடையில் எத்தனை முக்கியமான அரசியல் பேசிக்கொண்டிருந்தாலும் "மாமு" என்று ஒரு குரல் வரும், எழுந்து போவேன். கட்டி முடித்ததும் தொய்வை அளக்கிற வேலையையும் ஒருநாள் எனக்கே கொடுத்தான். கூரை விளிம்பில் கயிற்றுக்கும் பலகைக்கும் நடுவில் கையை விட்டேன். சரியாக இருக்கிறது என்றேன்.

அவன் வந்து என் கையைப் பார்த்தான்.

"உன் கையில விரல் ஜாஸ்தி மாமு. ஒண்ண மடக்கு."